விலை கேட்கும் முன் கேட்க வேண்டியவை

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து தெற்கே வந்தால் பாடாலூர். அதைச் சுற்றியுள்ள செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர் போன்ற ஊர்களில் சின்ன வெங்காயத்தை நம்பித்தான் பல குடும்பங்களின் வருடக் கணக்கே ஓடுகிறது. தமிழகத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. விதை வெங்காயம் வாங்கி, நட்டு, களையெடுத்து, மருந்தடித்து, ஆள் பிடித்துப் பிடுங்கி, தாள் அறுத்து, காயவைத்து, குவித்துச் சேமிக்கும் பட்டறை போடும்வரை ஏறக்குறைய எழுபது நாள் பாடு. அந்தப் பாட்டின் விலையோ, யாவாரி வண்டியை நிறுத்திவிட்டு வந்து நிற்கும் சிறிது நேரப் பேச்சில் முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சில் யார் கேள்வி கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று கவனித்தாலே விலை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லிவிடலாம். நம் விவசாயிகள் விலை பேசத் தெரியாதவர்கள் இல்லை. பேச்சை அவர்கள் விலையிலிருந்தே தொடங்குகிறார்கள், அதிலேயே முடிக்கிறார்கள். கேள்வி கேட்கும் வேலையை எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் குறையைச் சரிசெய்ய முடியும், சரிசெய்தே ஆக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

களத்தில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வந்தவர் வெங்காயத்தை ஒரு கை அள்ளி, தோலை உரசிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “புடுங்கி எத்தனை நாளாச்சுண்ணே?” இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. “வேற யாராச்சும் வந்து பாத்தாங்களா?” போட்டி உண்டா, இல்லையா என்பது தெரிந்துவிட்டது. “அடுத்து என்ன போடப் போறீங்க?” நிலத்தைக் காலி செய்ய வேண்டிய அவசரமும் அடுத்த விதைப்புக்குத் தேவையான பணமும் தெரிந்துவிட்டன. “பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டியாச்சா?” இது அக்கறையான விசாரிப்புதான். ஆனால் எந்தத் தேதிக்குள் ரொக்கம் வேண்டும் என்ற தகவலும் அதிலேயே வந்துவிடுகிறது. கடைசியாக வானத்தைப் பார்த்து, “மேகம் கூடுதே, பட்டறை தாங்குமா?” இந்தக் கேள்விக்குப் பதில்கூடத் தேவையில்லை. விவசாயி தன் நஷ்டத்தைத் தானே மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கும்படி செய்துவிடுகிறது. இதற்கிடையில் விவசாயி கேட்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: “என்ன விலைக்கு எடுப்பீங்க?” ஐந்து கேள்வி கேட்டவரும் ஒரே கேள்வி கேட்டவரும் அதன் பிறகு சமமாகப் பேச முடியாது. யாவாரியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் தன் தொழிலைச் சரியாகச் செய்கிறார். விவசாயிக்கு அதே தொழில் தெரியாமல் போனதுதான் கவலை.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. பிரிட்டனில் நீல் ராக்கம், ஜான் கார்லைல் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்த்தரப்பும் தம் தரப்பும் ஒருசேரத் திறமைசாலிகள் என்று ஒப்புக்கொண்ட 48 பேச்சுவார்த்தையாளர்களை, உண்மையான பேச்சுவார்த்தைகள் நடக்கும்போதே கவனித்தார்கள். சராசரிப் பேச்சாளர்களோடு ஒப்பிட்டதில் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. திறமைசாலிகளின் பேச்சில் 21 விழுக்காட்டுக்கு மேல் தகவல் கேட்கும் கேள்விகளாகவே இருந்தன. மற்றவர்களிடம் அது 10 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ‘நீங்க சொன்னது இதுதானே’ என்று சரிபார்ப்பதும், பேசியதைத் தொகுத்துச் சொல்வதும் திறமைசாலிகளிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ராக்கம் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து 1988-இல் ஒரு நூல் எழுதினார். பெரிய விற்பனைகளில் வெல்பவர்கள் தம் சரக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எதிரில் இருப்பவரின் சிக்கலைக் கேட்டு, அந்தச் சிக்கல் நீடித்தால் என்ன ஆகும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள் என்பது அதன் முக்கியமான முடிவு. “பட்டறை தாங்குமா?” என்ற கேள்வி அந்த வகையில் அப்படியே பொருந்துகிறது. எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாமல் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இதைக் கற்றிருக்கிறார்கள். தினமும் பத்துக் களத்துக்குப் போகிறவருக்குத் தினமும் பத்துப் பேச்சு பழக்கமாகிறது. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் விற்கிறவருக்கு அந்தப் பழக்கம் தானாக வராது. யாராவது சொல்லித்தர வேண்டும்.

‘இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, திருச்சி மண்டி விலை காலையிலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதே, அப்புறம் எதற்குக் கேள்வி?’ என்பது முதலில் எழும் மறுப்பு. விலை தெரிந்தால் போதும் என்று அரசுகளும் நம்பின. 2016 ஏப்ரலில் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தைக்குப் பின்னால் இருந்த நம்பிக்கைகளில் அதுவும் ஒன்று. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகள் அவ்வளவு எளிதாக இல்லை. மகாராஷ்டிரத்தில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் சந்தை விலை அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. மேற்கு வங்கத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகளிடம் நடந்த ஆய்விலும் மண்டி விலையைத் தினமும் சொல்லியும் சராசரி விலை கூடவில்லை. எதிர்மாறான சான்றும் இருக்கிறது. கேரளத்தின் மத்தி மீனவர்களுக்கு 1997 முதல் 2001 வரையிலான காலத்தில் செல்போன் கிடைத்தபோது அவர்களின் லாபம் சுமார் 8 விழுக்காடு கூடியது, வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது என்று ராபர்ட் ஜென்சன் காட்டினார். மத்தியப் பிரதேசத்தில் சோயா விவசாயிகளுக்கு ஊரிலேயே இணைய மையம் வந்தபோது, மண்டி விலையே 1 முதல் 3 விழுக்காடு வரை உயர்ந்தது. வேறுபாடு எங்கே? மீனவர் படகிலிருந்தே விசாரித்துவிட்டு வேறு துறைக்குப் படகைத் திருப்ப முடிந்தது. சோயா விவசாயிக்கு மண்டியை விட்டால் நேரடியாக வாங்கும் இன்னோர் இடம் இருந்தது. குறுஞ்செய்தி பெற்றவருக்கு விலை தெரிந்ததே தவிர, அந்த விலைக்குப் போகும் வழி தெரியவில்லை. பேச்சில் கேட்கப்படும் கேள்விகள் அந்த வழியைத் தேடுவதற்காகத்தான்.

அதோடு, விலை என்பது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற எண்ணோடு முடிவதும் இல்லை. எடை யார் தராசில்? கழிவு எவ்வளவு? சாக்கு யாருடையது? ஏற்றுக்கூலி, வண்டி வாடகை யார் தலையில்? தரகு எத்தனை? பணம் கையிலா, மண்டிக்குப் போய் விற்ற பிறகா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது கிலோ மூட்டை. ஒருவர் கிலோ 41 ரூபாய்க்குக் கேட்கிறார், ஆனால் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு. இன்னொருவர் கழிவில்லாமல் 40 ரூபாய்க்குக் கேட்கிறார். முதலாமவர் தருவது 1,968 ரூபாய், இரண்டாமவர் தருவது 2,000 ரூபாய். அதிக விலை சொன்னவரே குறைவாகத் தருகிறார். அந்த இரண்டாயிரமும் ஒரு மாதம் கழித்துத்தான் வரும் என்றால், நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருப்பவருக்கு மூட்டைக்கு நாற்பது ரூபாய் போகிறது. நூறு மூட்டைக்கு நாலாயிரம். இவற்றில் எதையும் ‘என்ன விலைக்கு எடுப்பீங்க’ என்ற கேள்வி வெளியே கொண்டுவராது. “விலை போக வேற என்னென்ன புடிப்பீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க” என்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி கொண்டுவரும். முதலில் அகலமாகக் கேட்டு, பதிலில் வந்த ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு குறுக்கிக் கேட்டுக்கொண்டே போவது, கடைசியில் ஆம், இல்லை என்று முடிகிற கேள்விக்கு வருவது: இந்த வரிசைதான் பழுத்த வழக்கறிஞர்களும் கொள்முதல் மேலாளர்களும் பழகும் வரிசை. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆம், இல்லை கேள்வியில் தொடங்கி, அங்கேயே மாட்டிக்கொள்கிறோம்.

கேட்கும் விதமும் பதிலை மாற்றும். அமெரிக்காவில் ஜூலியா மின்சன் முதலான ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பழுதுள்ள பழைய பாட்டுக் கேட்கும் கருவி ஒன்றை விற்பவரிடம் மூன்று விதமாகக் கேள்வி கேட்கப்பட்டது. ‘இதைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டபோது பழுதை ஒப்புக்கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ‘இதில் பழுது எதுவும் இல்லைதானே?’ என்று கேட்டபோது பத்தில் ஆறு பேர் அளவுக்கு ஒப்புக்கொண்டார்கள். ‘இதில் என்னென்ன பழுது இருக்கிறது?’ என்று கேட்டபோது பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு உண்மையைச் சொன்னார்கள். நம் களத்தில் வழக்கமாகக் கேட்கப்படுவது இரண்டாவது வகை: “நம்மகிட்ட கழிவெல்லாம் போட மாட்டீங்கல்ல?” இது கேள்வியைவிடக் கெஞ்சலுக்கே நெருக்கம். எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, “நமக்குள்ள என்னண்ணே” என்று சொல்லிவிட்டுப் போகலாம்; பிறகு சிட்டையில் இரண்டு கிலோ குறைந்திருக்கும். “மூட்டைக்கு எத்தனை கிலோ கழிப்பீங்க?” என்று, கழிவு உண்டு என்பது தெரிந்ததுபோலவே கேட்டால் ஓர் எண் வந்தாக வேண்டும். எண் வந்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பதும் ஒரு கலை. நிசப்தத்தைத் தாங்க முடியாமல் நாமே இறங்கிவந்து “சரி, பரவாயில்ல” என்று சொல்லிவிடும் வழக்கத்தால் இழந்த பணம் கொஞ்சநஞ்சமில்லை.

சின்ன வெங்காய விவசாயி மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இந்தச் சரக்கு எங்க போகுது?” திருச்சி மண்டிக்கா, சென்னைக்கா, கேரளத்துக்கா, கப்பலுக்கா? இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் என்று நம் சின்ன வெங்காயம் கடல் கடந்து போகிறது. 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தது. 2024 மே மாதம் தடை நீங்கியது. வரி முழுதாக நீங்கியது 2025 ஏப்ரல் 1-இல். வடக்கே விளையும் பெரிய வெங்காயத்தின் விலையை மனதில் வைத்து எடுத்த முடிவுகள் நம் சின்ன வெங்காயத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயின. இரண்டுக்கும் தனித்தனிக் குறியீட்டு எண் வேண்டும் என்று தமிழக விவசாயிகள் கேட்டது அதனால்தான். சரக்கு எங்கே போகிறது என்று தெரிந்தால் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பது புரியும். “எப்ப வண்டி ஏத்தணும், ஏன் அந்தத் தேதிக்குள்ள?” என்று அடுத்த கேள்வியும் போட்டால், யாவாரிக்கு இருக்கும் கெடு வெளியே வரும். அவசரம் விவசாயிக்கு மட்டும் சொந்தமில்லை. கப்பலில் ஏற்ற வேண்டிய பெட்டிக்கும் தேதி உண்டு. அந்தத் தேதிக்குள் தரம் பிரித்த காயைத் தர முடிகிறவருக்கு அந்த நாளே ஒரு ரூபாய் கூடுதல் பெற்றுத்தரும்.

‘ஏன்’ என்ற கேள்வியின் வலிமையை நூறு ஆண்டுக்கு முன்பே மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் ஒரு சின்ன நிகழ்ச்சியால் விளக்கினார். நூலகத்தின் சிறிய அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். அடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். மற்றவருக்கு வேண்டியிருந்தது காற்று. ஃபாலெட்டுக்கு வேண்டாதது நேராக மேலே படும் வாடைக்காற்று. பாதி திறப்பதா, முழுதும் மூடுவதா என்று வாதாடியிருந்தால் இருவரில் ஒருவர் தோற்றிருப்பார். நம் களத்திலும் விலையில் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பதையே சமரசம் என்று நினைக்கிறோம். யாவாரிக்கு உண்மையில் வேண்டியது காய்ந்த சரக்காக இருக்கலாம், விவசாயிக்கு வேண்டியது பாதிப் பணம் உடனே என்பதாக இருக்கலாம். ‘ஏன்’ என்று கேட்டால்தான் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டாதவை என்பது தெரியும்.

இனி கடினமான மறுப்புக்கு வருவோம். கடன்பட்டவனுக்குக் கேள்வி கேட்கும் துணிவு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விதை வெங்காயத்துக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரே சரக்கையும் எடுக்கிறார் என்றால் பேச்சு ஏற்கெனவே முடிந்ததுதான். வெங்காயமோ காத்திருக்காது, ஈரம் பட்டால் பட்டறையிலேயே அழுகும். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. வேறு வழியே இல்லாதவரின் கேள்விக்குப் பலம் குறைவு என்பதைத்தான் மகாராஷ்டிர, வங்க ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் முன்பணம் வாங்கும் நாளும் ஒரு பேச்சுவார்த்தை நாள்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அன்றைக்கே “சரக்கு உங்களுக்குத்தான் தரணுமா? அன்னிக்கு மண்டி விலையா, நீங்க சொல்ற விலையா? வேற ஆள் கூடக் கேட்டா உங்க பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு விக்கலாமா?” என்று மூன்று கேள்வி கேட்டால் எழுபது நாள் கழித்து நிற்கும் நிலை வேறாக இருக்கும். பேச்சில் பலம் குறைந்தவர் கேள்வியையாவது முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். காத்திருக்கக்கூடிய பயிருக்கு வழியும் இருக்கிறது. மக்காச்சோளம், பருத்தி போன்றவற்றை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்தால் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் கிடைக்கும், 180 நாள் வரை வைத்திருக்கலாம். அங்கே மறைமுக ஏலத்தில் வந்த விலை பிடிக்கவில்லை என்றால் விற்க மறுக்கும் உரிமையும் விவசாயிக்கு உண்டு. இந்த உரிமைகள் இருப்பதே தெரியாமல் களத்தில் நிற்பவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

கேள்வி கேட்டால் உறவு கெட்டுவிடும் என்ற தயக்கமும் ஊர்ப்புறத்தில் ஆழமானது. யாவாரி பெரும்பாலும் தெரிந்தவர், பக்கத்து ஊர்க்காரர், நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர். அவரிடம் துருவித் துருவிக் கேட்பது சந்தேகப்படுவது போலாகாதா? நம் வழக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மணப்பாறை மாட்டுச் சந்தையைப் போன்ற இடங்களில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் முறையை நம் முன்னோர் ஏன் வைத்தார்கள்? பேரத்தில் கறாராக இருக்கவும் வேண்டும், நாலு பேர் முன்னால் யாருடைய முகமும் சுருங்கவும் கூடாது. கறாரும் மரியாதையும் சேர்ந்து போகும் என்று அறிந்த மக்கள் நாம். “உங்க விலை அநியாயம்” என்று சொன்னால்தான் சண்டை. “எந்த மாதிரி காய் இருந்தா இன்னும் ரெண்டு ரூபா கூடத் தருவீங்க?” என்று கேட்பது அவரது தொழிலறிவை மதிப்பது. அதற்கு அவர் மனம்விட்டுப் பதில் சொல்வார். அந்தப் பதில் அடுத்த பட்டத்துக்குப் பாடமாகவும் ஆகும். இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடவிலிருந்து தரம் பிரிப்பது வரை வெங்காயத்தில் பெரும்பாடு பெண்களுடையது. எந்த மூட்டையில் எந்தக் காய் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் கச்சிதமாகத் தெரியும். விலை பேசும் நேரத்தில் மட்டும் அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்தவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடத்தும் பேச்சு பாதிப் பேச்சுதான்.

கேட்டால் மட்டும் உண்மை சொல்லிவிடுவார்களா என்பவர்களுக்கு: எப்போதும் சொல்ல மாட்டார்கள். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்பதும், விடை தெரிந்த கேள்வி ஒன்றை இடையில் போட்டுப் பார்ப்பதும் அதற்காகத்தான். நேற்றைய மண்டி விலையைத் தெரிந்துவைத்துக்கொண்டே “நேத்து திருச்சியில என்ன போச்சு?” என்று கேளுங்கள். வரும் பதில் விலையைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லும்: சொல்பவரை எவ்வளவு நம்பலாம் என்பதை. கடைசியில், “அப்ப விலை இவ்வளவு, கழிவு இவ்வளவு, பணம் இந்தத் தேதி, சரிதானே? சிட்டையில எழுதிக் குடுங்க” என்று தொகுத்து முடிக்க வேண்டும். ராக்கம் கண்ட திறமைசாலிகள் மற்றவர்களைவிட அதிகம் செய்த இன்னொரு வேலை இந்தச் சரிபார்ப்புதான்.

‘ஒருவேளை இப்படி ஆனால்?’ என்ற வகைக் கேள்விக்கு நம் மாவட்டத்தின் நிலமே சாட்சி. திருமாந்துறை, எறையூர்ப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரும், வேலை வரும் என்ற நம்பிக்கையில் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் நிலம் கைமாறியது. ஆலைகள் வராமல் ஆண்டுக்கணக்கில் அந்த நிலம் கிடந்தது. எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டதும், காலணித் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் 2022 நவம்பரில்தான். ஏக்கருக்கு என்ன விலை என்பது அந்நாளில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டிருக்கும். ‘ஆலை பத்து வருடம் வராவிட்டால் நிலம் என்ன ஆகும், வேலை என்பது எழுத்தில் எங்கே இருக்கிறது, எந்தத் தேதிக்குள்?’ என்ற கேள்விகள்தாம் விலையைவிட அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டியவை. சுண்ணாம்புக்கல் நிலத்தைச் சிமெண்ட் ஆலைகளுக்குக் கொடுக்கும் அரியலூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். 2019-இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டம், முன்கூட்டியே பேசிய விலைக்குக் கொள்முதல் செய்ய வகைசெய்கிறது. அப்படி ஒப்பந்தம் பேச வருகிறவரிடம் கேட்க வேண்டியது 2018-இல் மக்காச்சோளத்தில் விழுந்த படைப்புழுவை நினைத்துத்தான்: “புழு விழுந்து பாதி போச்சுன்னா என்ன செய்வோம்? ஈரப்பதம் 14-க்கு மேல இருந்தா எவ்வளவு கழிப்பீங்க? யார் கருவியில பாப்பீங்க?” கோழித்தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளத்தில் ஈரப்பதக் கழிவு என்ற ஒரே வரியில் பேசிய விலை உருகிவிடக்கூடும்.

எல்லாரும் கேள்வி கேட்கத் தொடங்கினால் வியாபாரி நஷ்டப்படுவாரே என்ற பேச்சையும் ஒதுக்கிவிட முடியாது. வழியில் அழுகும் காயின் நஷ்டம், மண்டியில் திடீரென இறங்கும் விலை, கடை பாக்கி எல்லாம் அவர் தோளில். கேள்வி கேட்கும் விவசாயிக்கு இதுவும் தெரியவரும். தெரிந்துகொண்டவர் நியாயமான தரகை மறுக்க மாட்டார். நியாயமில்லாத கழிவைத்தான் மறுப்பார். ஏமாற்றாமல் தொழில் செய்யும் வியாபாரிக்கு இதனால் லாபமே. இன்றைக்கு அவருடைய நேர்மைக்கும் அடுத்தவருடைய தந்திரத்துக்கும் களத்தில் ஒரே மதிப்புதான் கிடைக்கிறது.

வேளாண் துறை மண் பரிசோதனை சொல்லித்தருகிறது, சொட்டுநீர் சொல்லித்தருகிறது, பூச்சி மேலாண்மை சொல்லித்தருகிறது. விளைந்ததை விற்கும் பேச்சைச் சொல்லித்தருவதற்கும் அதே இடம் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குத் தரப்படும் பயிற்சியில் கணக்குப் பதிவேடும் நிறுவனச் சட்டமும் இருக்கின்றன. கொள்முதல்காரர் வேடத்தில் ஒருவரை உட்காரவைத்து, எதிரே இயக்குநர்கள் உட்கார்ந்து கேட்டுப் பழகும் அரைநாள் பயிற்சியும் அதில் சேர வேண்டும். வேளாண் விற்பனைத் துறை அலுவலர்களும் நேர்மையான வியாபாரிகளும் சேர்ந்தே இதை நடத்தலாம், செலவு அதிகமில்லை. செட்டிகுளத்தில் வெங்காயத்துக்கென்றே கட்டிய வணிக வளாகம் இருக்கிறது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு, ஆண்களும் பெண்களுமாக அங்கே கூட்டி இந்தப் பயிற்சியைத் தொடங்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாத விவசாயி, அடுத்த முறை களத்துக்கு வண்டி வந்து நிற்கும்போது, சரக்கு எங்கே போகிறது, விலை போக என்னென்ன பிடிப்பீர்கள், பணம் என்றைக்கு என்ற மூன்றையும் கேட்டுவிட்டு, அதன் பிறகு விலைக்கு வரட்டும்.